ஒரு மில்லிமீற்றருக்கும் மெல்லிய சுவர்: கிட் விமானத்தின் உடல் எப்படி உருவாகிறது

சீனக்குடா ஓடுபாதைப் பக்கம் போய்வரும் எவரும் விமானப்படையின் பயிற்சி விமானங்கள் தாழப் பறப்பதைப் பார்த்திருப்பார்கள். அந்த மாதிரிச் சிறிய விமானமொன்றின் உடற்சுவர் எவ்வளவு தடிப்பு என்று உயர்தரத்தில் பொறியியல் தொழினுட்பவியல் படிக்கும் பிள்ளைகளிடம் கேட்டால், ஐந்து மில்லிமீற்றர், பத்து மில்லிமீற்றர் என்று பதில் வரும். வீட்டில் வைத்துக் கட்டும் அலுமினிய விமானங்களில் உடற்தகடு பெரும்பாலும் 0.025 அங்குலம் தொடக்கம் 0.040 அங்குலம் வரைதான். மில்லிமீற்றரில் சொன்னால் 0.6 தொடக்கம் 1. கையால் வளைக்கலாம், தகரம் வெட்டும் கத்தரியால் வெட்டலாம். இவ்வளவு மெல்லிய தகடு ஒரு என்ஜினையும், இரண்டு ஆட்களையும், வாலையும் எப்படி ஒன்றாகப் பிடித்து வைத்திருக்கிறது? அது விளங்கினால், விமான உடல் கட்டுகிறவர்கள் ஒவ்வொரு ஓட்டைக்கும் ஏன் அவ்வளவு மினக்கெடுகிறார்கள் என்பதும் விளங்கிவிடும்.

முதலில் கிட் விமானம் என்றால் என்னவென்று பார்ப்போம். ஒரு நிறுவனம் விமானத்தை வடிவமைத்து, வெட்டி வளைத்த தகடுகள், சட்டங்கள், தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிகள், வரைபடங்கள் எல்லாவற்றையும் பெட்டிகளில் அடைத்து அனுப்பும். வாங்கியவர் தன் வீட்டுக் கராஜில் வைத்து அதைக் கட்டுவார். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் றிச்சர்ட் வான்கிரன்ஸ்வென் 1973இல் தொடங்கிய வான்ஸ் எயார்கிராஃப்ட் நிறுவனத்தின் ஆர்வி வரிசைதான் இந்த உலகில் அதிகம் கட்டப்பட்டது. பல நாடுகளிலும் ஆட்கள் கட்டி முடித்துப் பறக்கவிட்ட ஆர்வி விமானங்கள் 10,000ஐத் தாண்டிவிட்டன. அமெரிக்கச் சட்டப்படி வேலையின் பெரும்பகுதியை, அதாவது பாதிக்கு மேல், கட்டுகிறவர் தானே செய்திருக்க வேண்டும். படிப்பதற்காகவும் பொழுதுபோக்காகவும் செய்த வேலையாக அது இருக்க வேண்டும் என்பதே அந்த விதியின் கருத்து. நமக்குக் கிட்டவும் ஒரு உதாரணம் உண்டு. கேரளத்து ஆலப்புழையைச் சேர்ந்த ஒரு பொறியியலாளர், கொரோனா முடக்க காலத்தில் இங்கிலாந்தில் இருந்தபடி, தென்னாபிரிக்காவில் தயாராகும் ஸ்லிங் டிஎஸ்ஐ என்ற நான்கு இருக்கை கிட் விமானத்தைக் கட்டி, அதில் தன் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு பறந்தார்.

உடலுக்கு என்ன சுமை வருகிறது

விமானம் நேராகப் பறக்கும்போது மூக்கில் இருக்கும் என்ஜின் கீழே இழுக்கிறது. நடுவில் இறக்கை மேலே தூக்குகிறது. வாலில் உள்ள கிடைத்தளச் சிறகு, பலரும் நினைப்பதற்கு மாறாக, பெரும்பாலும் கீழ்நோக்கியே அழுத்துகிறது. ஆகவே உடல் முழுவதும் இறக்கைக்கு மேல் குறுக்கே கிடத்திய ஒரு தடியைப் போல இரண்டு பக்கமும் கீழே வளையப் பார்க்கும். மேற்பக்கம் இழுபடும், கீழ்ப்பக்கம் நெரிபடும். விமானி சுக்கானை மிதித்தால் வாலின் செங்குத்துச் சிறகு பக்கவாட்டில் தள்ளும். அந்தச் சிறகு உடலின் நடுக்கோட்டுக்கு மேலே இருப்பதால் உடல் முறுகவும் பார்க்கும். வளைவும் முறுக்கும் ஒன்றாக வரும். தரையிறங்கும்போது சில்லு வழியாக ஒரு குத்தும் வரும்.

இதை விளங்கிக்கொள்ள வீட்டிலுள்ள ஒரு ரின்பால் பேணி போதும். பாலை ஊற்றிவிட்டு மேல்மூடியை முழுதாக வெட்டி எடுங்கள். திறந்த வாய்ப்பக்கத்தை இரண்டு விரலால் அமுக்கினால் வட்டம் முட்டை வடிவாகிவிடும். அடிப்பக்கத்தை அமுக்கிப் பாருங்கள், அசையாது. அங்கே ஒரு வட்டத் தகடு இருந்து வடிவத்தைக் காக்கிறது. இனிப் பேணியை இரண்டு கையாலும் பிடித்து முறுக்குங்கள். முறுகாது. இப்போது தடித்த கையுறை போட்டுக்கொண்டு, வாயிலிருந்து அடிவரை நீளவாக்கில் ஒரே ஒரு வெட்டு வெட்டிவிட்டு மறுபடி முறுக்குங்கள். துணி போலத் திரும்பும். தகடு அதே தகடு, தடிப்பும் அதே தடிப்பு. குறைந்தது சுற்றிவர இருந்த தொடர்ச்சி மட்டும்தான்.

விமான உடலின் பாகங்கள் எல்லாம் இந்தப் பேணிக்குள் இருக்கின்றன. பேணியின் அடித்தகடு செய்த வேலையை பல்க்ஹெட் எனப்படும் குறுக்குச் சட்டகங்கள் செய்கின்றன: உடலின் குறுக்குவெட்டு வடிவம் கெடாமல் காப்பது. சுற்றுச்சுவர் செய்த வேலையை உடற்தகடு செய்கிறது: முறுக்கத்தைத் தாங்குவது. பேணியில் இல்லாத இரண்டு பாகங்களும் உண்டு. உடலின் நான்கு மூலைகளிலும் மூக்கிலிருந்து வால்வரை ஓடும் லாஞ்சரான் எனப்படும் நெடுஞ்சட்டங்கள் இழுவையையும் நெரிவையும் எடுத்துக்கொள்கின்றன. தகடு நெளிந்துவிடாமல் அதன் உட்புறம் ஒட்டினாற்போல் ஓடும் மெல்லிய விறைப்புச் சட்டங்கள் மற்றது. பேணியில் வெட்டிய வெட்டு எது தெரியுமா? விமானி ஏறி உட்காரும் பெரிய திறப்பு. தொடர்ச்சி அறுபடும் இடம் அதுதான். அதனால்தான் எந்தச் சிறிய விமானத்திலும் அந்தத் திறப்பின் விளிம்புச் சட்டங்கள் மற்ற இடங்களைவிடத் தடிப்பாக இருக்கும்.

தகடே சுமை தாங்கும் இந்த முறைக்கு முன்பு வேறு முறை இருந்தது. இரண்டும் ஒரே வானத்தில் மோதிய இடம் நம்முடைய திருகோணமலை. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலை ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து வந்த விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடாவையும் தாக்கின. எதிர்க்க எழும்பியவற்றுள் பிரித்தானிய ஹரிக்கேன் விமானங்கள் இருந்தன. ஹரிக்கேனின் பின்னுடல் உருக்குக் குழாய்ச் சட்டகம். அதன் மேல் மரச் சட்டங்கள், அவற்றின் மேல் இழுத்துப் போர்த்திய துணி. சுமை முழுவதும் குழாய்களில். துணி காற்றுக்கு வடிவம் கொடுக்க மட்டும். வந்திருந்த ஜப்பானிய ஸீரோ போர் விமானத்தில் மெல்லிய அலுமினியத் தோலே உடலின் பலம். ரிவெட் தலைகளும் வெளியே தள்ளாமல் தகட்டோடு தகடாக இருந்தன. ஹரிக்கேன் முறைக்கும் ஒரு பெரிய நன்மை உண்டு. துணியில் ஓட்டை விழுந்தால் இன்னொரு துண்டு ஒட்டிவிட்டு மறுபடி பறக்கலாம். ஆனால் எடைக்குப் பலம் என்று பார்த்தால் தகட்டு முறை முந்திவிட்டது. இன்றைய ஆர்வி, ஸ்லிங், ஸெனித் கிட் விமானங்கள் எல்லாம் அந்த வழியில் வந்தவை.

பொருத்து, கழற்று, மறுபடி பொருத்து

சுமையைத் தகடு தாங்குகிறது என்றால், அந்தச் சுமை ஒரு தகட்டிலிருந்து அடுத்ததற்குப் போவது ரிவெட்டுகள் வழியாகத்தான். ஆகவே கிட் விமானத்தின் உடல் வேலை என்பது முக்கால்வாசி இணைக்கும் வேலை. தகட்டை வெட்டி வளைத்து ஓட்டை போடும் வேலையை இப்போது கணினி இயந்திரங்கள் செய்துவிடுகின்றன. இரண்டு பாகத்தை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் ஓட்டைக்கு ஓட்டை நேராக வரும். முந்திய காலத்தில் இதற்காகவே பெரிய மரச் சட்டகம் கட்டி, அதில் உடலைப் பூட்டி, ஒவ்வொரு ஓட்டையையும் அளந்து போட்டார்கள்.

வேலை ஒரு வட்டமாகப் போகும். முதலில் பாகங்களைக் கிளீக்கோ என்ற சின்னச் சுருள்வில் ஊசிகளால் தற்காலிகமாகப் பூட்டுவார்கள். தனிக் குறடு ஒன்றால் அமுக்கினால் ஊசி ஓட்டைக்குள் போகும், விட்டால் இரண்டு தகட்டையும் இறுக்கிப் பிடிக்கும். அளவுக்கு ஒரு நிறம் உண்டு: 3/32 அங்குல ஓட்டைக்கு வெள்ளி நிறம், 1/8 அங்குலத்துக்குச் செம்பு நிறம். பூட்டிய நிலையில் ஓட்டைகளை இறுதி அளவுக்குத் துளைப்பார்கள். பிறகு எல்லாவற்றையும் கழற்றி, பிசிறு எடுத்து, குழிவு போட்டு, அரிப்பைத் தடுக்கும் பிரைமர் அடிப்பூச்சு அடித்து, மறுபடி கிளீக்கோவால் பூட்டி, கடைசியில்தான் ரிவெட். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குச் சலிப்பு வரும் இடம் இது. ஒரே தகட்டை மூன்று நான்கு தடவை பொருத்திக் கழற்ற வேண்டியிருக்கும். குறுக்கு வழி தேடாதீர்கள், கிடையாது.

பிசிறு பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். துளைத்த ஓட்டையின் விளிம்பில் நகத்தை ஓட்டிப் பார்த்தால் கொளுவும். கண்ணுக்குத் தெரியாத அந்த முள்ளிலிருந்துதான் வெடிப்பு தொடங்கும். என்ஜின் ஓடும் ஒவ்வொரு நிமிடமும் தகடு அதிர்கிறது; அதிரும் தகட்டில் ஒரு சிறு கீறல் இருந்தால் அது மெல்ல மெல்ல நீளும். பிசிறை எடுக்க, ஓட்டையைவிடப் பெரிய கூர்முனை ஒன்றைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றினால் போதும். அதிகம் சுற்றினால் விளிம்பு கத்திபோல் மெலிந்து, அதுவே புதிய குறையாகிவிடும். ஓட்டையின் விளிம்பு எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2023 ஒரு பாடம். வான்ஸ் நிறுவனத்தின் பாகங்களில் ஒரு பகுதி, வழமையான குத்து இயந்திரத்தில் செய்யப்படாமல் லேசரால் வெட்டப்பட்டிருந்தது. குழிவு போடும்போது அவற்றின் ஓட்டைகளில் வெடிப்புகள் தென்பட்டன. பெருந்தொகையான பாகங்களை மாற்றிக் கொடுக்க வேண்டி வந்தது. அந்தச் சுமையும் சேர, அந்த ஆண்டு டிசம்பரில் நிறுவனம் நீதிமன்றப் பாதுகாப்பில் கடன் சீரமைப்புக்குப் போய், அடுத்த ஆண்டில் மீண்டது.

குழிவு போடுவது எதற்கு என்றால், ரிவெட் தலை தகட்டுக்கு மேலே தள்ளிக்கொண்டிருந்தால் காற்று இழுக்கும். தடித்த தகட்டில் தலைக்கு இடம் கடைந்து எடுக்கலாம். மெல்லிய தகட்டில் கடைந்தால் மிச்சம் ஒன்றும் இருக்காது. ஆகவே ஆண் பெண் அச்சு இரண்டுக்கு நடுவே வைத்து அமுக்கி, 100 பாகைச் சரிவில் ஒரு சின்னக் கிண்ணம் போலக் குழித்துவிடுவார்கள். இரண்டு தகட்டின் குழிவுகளும் ஒன்றுக்குள் ஒன்று உட்கார்ந்துகொள்வதால் இணைப்பின் பலமும் கூடும்.

ஒரு ரிவெட்டைக் கிட்டப் போய்ப் பார்ப்போம்

உடற்தகட்டில் அதிகம் வருவது 3/32 அங்குலம், அதாவது 2.4 மில்லிமீற்றர் விட்டமுள்ள ரிவெட். அதன் வால் தகட்டின் மறுபக்கம் ஏறக்குறைய 3.6 மில்லிமீற்றர் நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். விட்டத்தின் ஒன்றரை மடங்கு. ஒருவர் வெளியே நின்று காற்றழுத்தத் துப்பாக்கியை ரிவெட் தலையில் வைப்பார். மற்றவர் உள்ளே குனிந்து, பக்கிங் பார் எனப்படும் பாரமான, முகம் மினுக்கிய உருக்குக் கட்டியை வாலில் அழுத்திப் பிடிப்பார். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது, கதைதான் வழி.

"அண்ணா, பிடிச்சிட்டன்."

"அடிக்கவா?"

"அடிங்க."

ஒரு விநாடி அளவுக்குத் தடதடவென்று சத்தம். உள்ளே வால் நசுங்கி, ஒரு சின்ன மத்தளத் தலையாக மாறியிருக்கும். அதன் அகலம் விட்டத்தின் ஒன்றரை மடங்கு, உயரம் பாதி. இந்த ரிவெட்டுக்கு 3.6 மில்லிமீற்றர் அகலம், 1.2 மில்லிமீற்றர் உயரம். அளக்க ஓட்டை போட்ட சின்ன உலோக அளவி கிடைக்கும். ஆள் கதைப்பதற்கு முன் துப்பாக்கி அடித்துவிட்டால் பார் இல்லாத ரிவெட் தகட்டையும் சேர்த்து வெளிப்பக்கம் நெளித்துவிடும். கேள்வி பதில் இல்லாமல் ஒரு ரிவெட்டும் அடிக்கக்கூடாது என்பது இதனால்தான்.

மெதுவாக, பலமில்லாமல், நிறைய அடி அடிப்பது பாதுகாப்பு என்று தோன்றும். மாறாக, அலுமினியம் அடிபட அடிபட இறுகும். இறுகிய வாலை மேலும் நசுக்கினால் ஓரம் வெடிக்கும். அளவான காற்றழுத்தத்தில், சில உறுதியான அடிகளே நல்லது. வால் சரிந்து மடிந்துவிட்டால் ரிவெட்டை எடுத்துவிட்டு இன்னொன்று போடலாம். அதன் தலை நடுவில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். அதில் டிரில் முனையை வைத்துத் தலையளவு ஆழம் மட்டும் துளைத்து, தலையை நெம்பி எடுத்து, தண்டை மெல்லத் தட்டி வெளியேற்ற வேண்டும். ஆனால் அனுபவமுள்ள கட்டுநர்கள் சொல்வதோடு நான் முழுதாக உடன்படுகிறேன்: கொஞ்சம் அழகு குறைந்த ரிவெட்டை எடுக்கப்போய் ஓட்டையைப் பெரிதாக்குவதைவிட, அளவுக்குள் இருந்தால் அதை விட்டுவிடுவதே மேல்.

திருகோணமலையில் உப்பு

இந்த ஊரில் இருந்து எழுதுவதால் இதைத் தள்ளிவிட்டுப் போக முடியாது. ஆர்வி விமானங்களின் தகடு 2024 என்ற கலப்புலோகம். அதில் நூற்றுக்கு நான்கு பங்குக்கு மேல் செம்பு உண்டு. பலம் அதனால் வருகிறது, உப்புக்காற்றில் அரிக்கப்படும் குணமும் அதனால்தான் வருகிறது. அதற்காகத் தகட்டின் இரு முகத்திலும் தூய அலுமினியத்தை மெல்லிய படையாக ஏற்றியிருப்பார்கள். அந்தப் படை தான் முதலில் அரிபட்டு உள்ளே இருப்பதைக் காக்கும். ஆனால் வெட்டிய ஓரத்திலும் துளைத்த ஓட்டையிலும் அந்தப் படை இல்லை. பிரைமர் அடிப்பது வேண்டுமா வேண்டாமா என்று உலர்ந்த நாட்டுக் கட்டுநர்கள் வாதாடுவார்கள். உப்புவெளியிலோ நிலாவெளியிலோ வீடு உள்ளவருக்கு அந்த வாதம் தேவையில்லை, அடித்தே ஆக வேண்டும். ஸெனித், ஸ்லிங் விமானங்களில் வரும் 6061 என்ற கலப்புலோகம் பலத்தில் கொஞ்சம் குறைவு, ஆனால் உப்பை அதைவிட நன்றாகத் தாங்கும். கடலோரத்தில் கட்டுகிறவர் என்றால் நான் அதைத்தான் முதலில் யோசிக்கச் சொல்வேன்.

உப்பும் ரிவெட் ஓட்டையும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை உலகம் 1988 ஏப்ரல் 28ஆம் திகதி கண்டது. ஹவாய்த் தீவுகளுக்கிடையே பறந்துகொண்டிருந்த அலோஹா எயார்லைன்ஸ் போயிங் 737 ஒன்றின் முன்பக்கக் கூரை 24,000 அடி உயரத்தில் பிய்த்துக்கொண்டு போனது. பணிப்பெண் ஒருவர் வெளியே இழுபட்டு உயிரிழந்தார். விமானிகள் அந்த நிலையிலேயே விமானத்தைத் தரையிறக்கினார்கள். காலங்காலமாகக் கடற்காற்றில், குறுந்தூரப் பறப்புகள் ஏறத்தாழ 90,000 செய்த விமானம் அது. தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இணைப்பில் ஒட்டுப்பசை விட்டுப்போய், அரிப்பு ஏறி, ரிவெட் ஓட்டைகளிலிருந்து வெடிப்புகள் வரிசையாக ஓடியிருந்தன. வீட்டில் கட்டும் சிறிய விமானத்தின் உடலுக்குள் பெரும்பாலும் காற்றழுத்தம் ஏற்றுவதில்லை, ஆகவே அப்படிக் கூரை பறக்காது. ஓட்டையில் தொடங்கும் அரிப்பும் வெடிப்பும் எந்த அளவு விமானத்துக்கும் ஒன்றுதான்.

வியர்வையும் உப்புத்தான். வெறுங்கையால் தொட்ட இடத்தைத் துடைத்து, எண்ணெய்ப் பிசுக்கு நீக்கிய பிறகே பிரைமர். மார்கழியில் மழை இடைவிடாமல் பெய்யும் நாட்களில் பெயின்ற் வேலையைத் தள்ளிவைத்துவிட்டுப் பிசிறு எடுக்கும் வேலையைப் பார்க்கலாம். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பிரச்சினை வேறு. அலுமினியம் வெயிலில் நீளும்: 2.4 மீற்றர் நீளத் தகடு 10 பாகை செல்சியஸ் சூடேறினால் அரை மில்லிமீற்றருக்கு மேல் கூடும். 2.4 மில்லிமீற்றர் ஓட்டைகள் நேர்படவேண்டிய வேலையில் அது பெரிய அளவு. கூரைத் தகரத்தின் கீழ் நண்பகலில் துளைக்காமல், எல்லாப் பாகமும் ஒரே சூட்டில் இருக்கும் விடியற்காலையில் துளைப்பது நல்லது.

கவிழ்த்து, நிமிர்த்தி

உடல் முழுதாக வடிவெடுப்பது இப்படித்தான். ஆர்வி-7 போன்றவற்றில் முன்னால் தீச்சுவர். என்ஜின் தீ ஆட்களிடம் வராமல் தடுக்கும் உருக்குத் தகடு. நடுவில் இறக்கையின் முதன்மைத் தண்டு வந்து பூட்டும் தடித்த பல்க்ஹெட். பின்னால் வால்வரை ஒடுங்கிப் போகும் கூம்பு. நெடுஞ்சட்டங்களைக் கட்டுநரே வளைக்க வேண்டும். அலுமினிய ஆங்கிள் சட்டத்தைக் குறட்டில் இறுக்கி, ஒரு கையால் இழுத்துக்கொண்டு மறு கையால் மெல்லிய சுத்தியலால் தட்டித் தட்டி, வரைந்து வைத்த வளைவோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. வாகன ரிங்கரிங் வேலை தெரிந்தவருக்கு இது ஒரு பின்னேர வேலை. மற்றவர்களுக்குப் பொறுமை வேண்டும்.

பிறகு எல்லாவற்றையும் தலைகீழாக முட்டுகளின் மேல் வைத்து, அடித்தகட்டையும் பக்கத் தகடுகளையும் போர்த்துவார்கள். அப்போதுதான் உடல் நேராக இருக்கிறதா, முறுகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முறுக்கம் உள்ள நிலையில் ரிவெட் அடித்துவிட்டால் அது நிரந்தரம். மூடிய உடல் முறுகாது என்று மேலே சொன்ன அதே குணம் இப்போது திருத்தவும் விடாது. இதற்கு விலை கூடிய கருவி தேவையில்லை. நம் மேசன்மார் வீட்டுக்கு மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயும் ஒரு தூக்குக்குண்டும் போதும். இரு பக்க நெடுஞ்சட்டங்களும் ஒவ்வொரு பல்க்ஹெட்டிலும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ரிவெட் முடிந்ததும் மூன்று நான்கு பேர் சேர்ந்து தூக்கி நிமிர்த்துவார்கள். மேல்மூடி இல்லாமல் நிற்கும் அந்தக் கட்டத்துக்குக் கட்டுநர்கள் வைத்திருக்கும் பெயர் கனூ, அதாவது தோணி. பார்த்தால் அப்படியே இருக்கும்.

தகடு ஒன்றுதான் வழி என்று நினைக்க வேண்டாம். 1920களின் கடைசியில் அமெரிக்காவில் வடிவமைத்த பீட்டன்போல் எயார் கம்பர் மர உடல். அதை இன்றும் கட்டுகிறார்கள். உருக்குக் குழாயைப் பற்றவைத்துத் துணி போர்த்தும் முறை கிட்ஃபொக்ஸ் விமானத்தில் தொடர்கிறது. பேர்ட் றூட்டான் வடிவமைத்த லோங் ஈஸி நுரைப் பலகையில் கண்ணாடி இழைத் துணி ஒட்டிச் செய்வது. பைபர் வள்ளம் செய்கிறவர்களுக்கு அந்த வேலை பாதி தெரியும். ஆனால் வள்ளத்துக்குப் பாவிக்கும் பொலியெஸ்டர் பிசினை அங்கே பாவிக்கக்கூடாது, எபொக்ஸிதான் வேண்டும்.

ஒரு இரண்டு இருக்கை ஆர்வியை முழுதாகக் கட்ட 1,500 தொடக்கம் 2,000 மணித்தியாலம் ஆகும் என்பது பொதுவான கணக்கு. பறக்கவிடும் எண்ணம் இருந்தால் கிட்டுக்குக் காசு கட்டுவதற்கு முன்பே சிவில் விமான சேவைகள் அதிகார சபையில் போய்க் கதைக்க வேண்டும். கையைப் பழக்க அவ்வளவு தேவையில்லை. 0.8 மில்லிமீற்றர் அலுமினியத் தகட்டுத் துண்டு இரண்டு, கொஞ்சம் ரிவெட், ஒரு கொம்பிரஷர், கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு அடைப்பான் இருந்தால் தொடங்கலாம். ஒரு வரிசை ரிவெட் அடித்துவிட்டு, அந்தத் துண்டை ரிவெட்டின் நடுவாக அறுத்து, அரத்தால் மட்டமாக்கி, பூதக்கண்ணாடியால் பாருங்கள். தண்டு ஓட்டையை இடைவெளியில்லாமல் நிரப்பியிருந்தால் கை சரியாகப் போகிறது. தண்டுக்கும் தகட்டுக்கும் நடுவில் கறுப்புக் கோடு தெரிந்தால் ஓட்டை பெரிது, அல்லது பார் சரியாகப் பிடிபடவில்லை.